கருணைக் கண்ணாடி

நீர்நாயைப் பார்க்க வேண்டுமென்றால் நீர்நாயைப் பார்க்கக் கூடாது. நீலமேகம் இருபத்திரண்டு வருடமாகத் தன் படகில் ஏறும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவருகிறார். ஒருவரும் காதில் வாங்கியதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வந்தால் வா, வராவிட்டால் போ என்று உட்கார்ந்திருந்தால் அது தானாக வந்து தலையை நீட்டும். டிக்கெட் வாங்கி வந்தவர்களால் அப்படி உட்கார முடியாது. "அதோ அதோ" என்று எழுந்து நின்று கையை நீட்டுவார்கள். நீர்நாய் தண்ணீருக்குள் போய்விடும். படகும் ஒரு பக்கமாகச் சாயும்.

இப்படி ஜனங்கள் எழுந்து எழுந்து பார்த்ததில் சேத்துவாய் அலையாத்திக் காட்டின் உயிரினங்கள் பாதி இளைத்துப்போய்விட்டன என்று ஓர் ஆராய்ச்சி சொன்னது. நாரைகள் முட்டையில் உட்காரப் பயந்தன. நரிகள் பகலில் வெளியே வருவதையே விட்டுவிட்டன. அதன் பிறகுதான் பூங்காவுக்குக் கருணைக் கண்ணாடி வந்தது. பெயர் வைத்தது மேலிடம். படகோட்டிகள் அதைக் குருட்டுக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள்.

நுழைவாயிலில் "பார்ப்பதும் ஒரு தொல்லையே" என்று பெரிய பலகை. அதற்குக் கீழே மேசை போட்டு அமீன் உட்கார்ந்திருப்பான். பூங்காவின் கண்ணாடிகளுக்கெல்லாம் பொறுப்பான பொறியாளன். வருகிறவர்கள் கண்ணில் கண்ணாடியை மாட்டி, காதில் இரண்டு பொத்தானைச் செருகி, பின்னந்தலையில் வாரைப் பூட்டி அனுப்புவது அவன் வேலை. திரும்பி வந்து துறையில் இறங்கினால்தான் வார் திறக்கும். படகோட்டிகளுக்கும் பூங்கா ஊழியர்களுக்கும் கண்ணாடி கிடையாது. அவர்களும் மாட்டிக்கொண்டால் படகு எங்கே போகும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அமீனின் மேசைக்கு முன்னால் மன்னார்குடியிலிருந்து வந்த மங்கையர்க்கரசி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் கவியரசு, நாத்தனார், தம்பி. கூடவே தரகர் பஞ்சநாதம்.

"இதை மாட்டிக்கிட்டா எல்லாம் தெரியுமா தம்பி?"

"தெரியும்மா. ஆனா நீங்க பார்க்கிற உயிருக்கு உங்க பார்வையால நெஞ்சு படபடத்துச்சுன்னா, அதைக் காட்டாம மறைச்சுடும். அது இருக்கிற எடத்துல சேறு, எலை, தண்ணின்னு வரைஞ்சுடும். அது போடுற சத்தமும் காதுல விழாது. படபடப்பு அடங்குனதும் மறுபடி காட்டும்."

"நெஞ்சு படபடக்கிறது இதுக்கு எப்படித் தெரியும்?"

"மரத்துக்கு மரம் உணர்கருவி வச்சிருக்கோம். நூறடி தள்ளி ஒரு மீன்கொத்திக்கு நெஞ்சு துடிச்சாலும் கேக்கும்."

"நாங்க மீன்கொத்தி பார்க்க வரலியே" என்று நாத்தனார் ஆரம்பிக்க, பஞ்சநாதம் பலமாக இருமினார்.

அவர்கள் வந்தது பெண் பார்க்க. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வீட்டுக்கே வந்து தட்டு வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண் வீட்டுக்குத் தலைகுனிவு. அதனால் கோயில் பிராகாரத்திலோ துணிக்கடையிலோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி ஏற்பாடு செய்வது வழக்கம். நீலமேகத்தின் மகள் அபிநயாவைக் கோயிலில் நான்கு குடும்பமும், துணிக்கடையில் மூன்று குடும்பமும், ஒரு பல் மருத்துவமனையில் ஒரு குடும்பமும் பார்த்தாகிவிட்டது. எட்டுப் பேரும் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். ஊர் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, செய்தி வந்து சேரவில்லை.

ஒன்பதாவதற்குப் படகு என்பது பஞ்சநாதத்தின் யோசனை. அபிநயாவுக்கு இருபத்தொன்பது வயது. பூங்காவின் நாற்றங்காலில் வேலை. சேற்றில் இறங்கிக் கன்று நடுவதும், நட்டதில் எத்தனை பிழைத்தது என்று எண்ணுவதும்தான் அவள் நாள். கன்று எண்ணப் போகிறவள் வழியில் அப்பாவின் படகில் ஏறிக்கொள்வாள், அவ்வளவுதான். "ஒரு மணி நேரம் எதிரும் புதிருமா உக்காந்திருப்பாங்க. துணிக்கடையில கெடைக்குமா இது?" என்றார் பஞ்சநாதம். நீலமேகத்துக்கு அது சரியென்றே பட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அவர் மனைவி கமலவல்லியும் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி மாதிரி பட்டுப்புடவை கட்டி, கண்ணாடியும் மாட்டிக்கொண்டு படகில் வந்து உட்கார்ந்தாள்.

நாற்றங்கால் படித்துறையில் அபிநயா காத்திருந்தாள். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அதற்கு மேல் கமலவல்லி விடியற்காலையில் வைத்து அனுப்பிய மூன்று முழம் மல்லிகைப்பூ.

"அட, நம்ம பொண்ணு" என்று நீலமேகம் ஆச்சரியப்பட்டார். நடிப்பு அவருக்கு வராது. "இப்படி முன்னால உக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். எதிரே ஆறு கண்ணாடிகள் ஒரே நேரத்தில் அவள்மேல் திரும்பின.

நீலமேகம் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளியபடியே வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "கைய வெளிய நீட்டாதீங்க. அந்தா நிக்கிறது தில்லை மரம், தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." யாரும் தில்லை மரத்தைப் பார்க்கவில்லை.

"என்னம்மா படிச்சிருக்கே?" என்றார் மங்கையர்க்கரசி.

"தாவர..."

"சமையல் தெரியுமா?" என்றார் நாத்தனார்.

"கொஞ்சம்..."

"பேரு என்ன சொன்னே?" இது மங்கையர்க்கரசியின் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

அபிநயா வாயைத் திறந்தாள். மங்கையர்க்கரசி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

"எங்க போனா?"

"யாரு?" என்றார் நீலமேகம்.

"உங்க பொண்ணு. இப்ப இங்க இருந்தா. காணோம்."

நீலமேகம் பார்த்தார். அபிநயா அங்கேயேதான் இருந்தாள், மடியில் கையைக் கோத்தபடி. ஆனால் ஆறு பேரும் அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் கையை நீட்டித் துழாவி அபிநயாவின் மூக்கைத் தொட்டுவிட்டு, சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

நீலமேகம் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார்.

"அமீன் தம்பி, ஒங்க கண்ணாடி என் மகளைக் காட்ட மாட்டேங்குதுப்பா."

அமீன் திரையைப் பார்த்திருக்க வேண்டும். "அண்ணே, அங்க ஒரு உயிர் நெஞ்சு நூத்தி நாப்பது துடிக்குது. நாரைக் குஞ்சுன்னு நெனச்சேன். அபிநயாவா?"

"அது மனுசப் பொண்ணுய்யா."

"அதுக்கு மனுசன் மிருகமெல்லாம் தெரியாதுண்ணே. நாலு கண்ணு மேல விழுந்து ஒரு நெஞ்சு பயந்தா மறைச்சுடணும், அவ்வளவுதான் சொல்லி வச்சிருக்கு."

"அப்ப இத்தனை வருசமா நான் ஏன் மறையல?"

அமீன் தயங்கினான். "உங்களை யாருண்ணே பார்த்தாங்க?"

நீலமேகத்துக்கு அது சுருக்கென்றது. ஆனால் வருத்தப்பட அது நேரமில்லை. "நிப்பாட்ட முடியுமா, முடியாதா?"

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டா மூணு மாசத்துல பதில் வரும்."

படகில் பஞ்சநாதம் நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு எங்கயும் போகலீங்க. இங்கதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். அடக்கமான பொண்ணுன்னு நான் அப்பவே சொன்னேனுல்ல."

மங்கையர்க்கரசி அதை ஏற்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ பார்த்தியா இல்லியா? மூஞ்சி எப்படி இருந்துச்சு? புடிச்சிருக்கா? வாயத் தொறந்து சொல்லேன்." பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எல்லோரும் கவியரசைப் பார்த்தார்கள். கமலவல்லி மற்றவர்களைவிட உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளையை அவள் இன்னும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. பால் பண்ணையில் குளிர்பதனப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன், முப்பத்திரண்டு வயது, நெற்றி வியர்த்திருந்தது.

"இவனையும் காணோமே" என்றார் தாய்மாமன்.

டக்கென்று ஒரு சத்தம். கவியரசின் பின்னந்தலையில் வார் தானாகத் திறந்து, கண்ணாடி மடியில் விழுந்தது, காதுப் பொத்தான்களும் கழன்று விழுந்தன. காட்டு உயிர்களின் உடம்பில் எதையும் கட்டிவைக்கக் கூடாது என்பது பூங்காவின் சட்டம். கண்ணாடி அவனைக் காட்டு உயிராக முடிவு செய்துவிட்டதால் சட்டப்படி அவனை விட்டு நீங்கிக்கொண்டது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தான். எதிரே அபிநயா இருந்தாள்.

"நீங்க இங்கயேதான் இருந்தீங்களா?" என்றான்.

"இங்கயேதான்."

"உங்களுக்கு இது எத்தனையாவது?"

"ஒம்பது. உங்களுக்கு?"

"பதினாலு."

"நீங்க பார்க்க வர்றவருதானே. உங்களுக்கு எதுக்குப் பயம்?"

"பதிமூணு வீட்லயும் என்னைத்தான் பஜ்ஜி திங்கச் சொன்னாங்க. திங்கிறப்ப மொத்த வீடும் என் வாயையே பார்க்கும். ஒரு வீட்ல தொண்டையில சிக்கிக்கிச்சு. அந்த எடம் அதனாலயே தட்டிப்போச்சு."

அபிநயா சிரித்தாள். நீலமேகத்தின் கையில் கழி ஒரு கணம் நின்றது. அந்தச் சிரிப்பு மூக்கில் ஆரம்பித்துத் தோள் குலுங்கி முடியும். சின்ன வயதில் வீட்டை இரண்டாக்கிய சிரிப்பு. அதை அவர் கேட்டு இரண்டு வருடம் இருக்கும். இப்போதெல்லாம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் கொல்லைப்புறம் போய்விடுவாள், எது கேட்டாலும் "ம்" என்பாள். வளர்ந்த மகள் அப்பாவுக்குக் காட்டும் மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

படகின் மறுபாதியில் வேறு பேச்சு நடந்தது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இரண்டு பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்பதை முதல் ஐந்து நிமிடம் நினைவில் வைத்திருந்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

"நெறம் கொஞ்சம் மட்டுதான்" என்றார் நாத்தனார். "அதுலயும் பேண்ட்டு போட்டுக்கிட்டு. பூவை வச்சிப் பேண்ட்டு போடுவாளா ஒருத்தி?"

சுற்றுலாப் பயணியான கமலவல்லிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அந்தத் தம்பிக்கு முன்நெத்தி ஏறிக்கிட்டே போகுதே, அதை நீங்க பார்க்கலியா?" என்றாள்.

"நீங்க யாரு?"

"நான் நாரை பார்க்க வந்தவ."

கரையோரச் சேற்றில் நூற்றுக்கணக்கான சின்ன நண்டுகள் ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. கவியரசு அதைக் காட்டினான். "இது எதுக்குக் கைய ஆட்டுது?"

"ஆண் நண்டு. பொண்ணைக் கூப்புடுது. பொண்ணு நண்டு ஒவ்வொரு பொந்தா உள்ள எறங்கிப் பார்க்கும். புடிக்கலன்னா வெளிய வந்து அடுத்த பொந்துக்குப் போயிடும். நூறு பொந்துகூடப் பார்க்கும்."

"ஏன் புடிக்கலன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அந்த ஆணு?"

"அடுத்தவளுக்குக் கைய ஆட்டும். மானக்கேடுன்னு எல்லாம் நெனைக்காது."

அவன் தன் வலது கையைத் தூக்கி நண்டு மாதிரி மெதுவாக ஆட்டிப் பார்த்தான். அவள் மறுபடி சிரித்தாள். நெஞ்சு அடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அதே நேரத்தில் தாய்மாமன் "அட, வந்துட்டாங்க" என்றார். ஐந்து கண்ணாடியும் திரும்பின. கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை எல்லோரும் ஒரு நொடி பார்த்தார்கள்.

"ஏண்டா கையத் தூக்கிக்கிட்டு..." என்று மங்கையர்க்கரசி முடிப்பதற்குள் இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள்.

இப்படி மூன்று தடவை நடந்தது. வருவார்கள், இவர்கள் பாய்ந்து பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மூன்றாவது தடவை மங்கையர்க்கரசி களைத்துப்போய் நீலமேகத்தைக் கேட்டார். "இதுக்கு என்னதாங்க வழி?"

"நீர்நாய் மாதிரிதாம்மா" என்றார் நீலமேகம். "பார்க்காத மாதிரி இருந்தீங்கன்னா இருப்பாங்க. தண்ணியப் பாருங்க. அந்தப் பக்கம் யாருமே இல்லைன்னு நெனச்சுக்குங்க."

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு படகு நிறைய ஜனங்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். ஐந்து பேரும் கழுத்தைத் திருப்பி விறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் சேற்றில் தாவும் மீனைப் பார்த்தார்கள், மூச்சுவேர்களைப் பார்த்தார்கள். ஒரு வளைவில் நான்கு நீர்நாய்கள் வரிசையாகத் தலையை நீட்டி அவர்களைப் பார்த்தன. பஞ்சநாதம் பக்திப் பரவசத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாத்தனார் குரலைத் தாழ்த்தி, "குட்டி ஒண்ணு இருக்கு, பார்க்காதீங்க பார்க்காதீங்க" என்றார்.

அங்கிருந்து இடதுபக்கம் திரும்பினால் பத்து நிமிடத்தில் துறை. வலதுபக்கம் நரிவாய்க்கால், சுற்றிக்கொண்டு போக நாற்பது நிமிடம். நீலமேகம் முன்பக்கம் பார்த்தார். அபிநயா ஏதோ ஒரு விதையைக் கையில் வைத்துக்கொண்டு, அது மரத்திலேயே முளைத்துவிட்டுத்தான் கீழே விழும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கழியை இடதுபக்கம் ஊன்றி, படகை வலதுபக்கம் திருப்பினார்.

துறையில் இறங்கியதும் வார்கள் டக் டக்கென்று திறந்தன. அமீனின் மேசையிலிருந்து ஆளுக்கொரு சீட்டு வந்தது. எல்லோருக்கும் கொடுப்பதுதான், யாரும் படிக்க மாட்டார்கள். மங்கையர்க்கரசி படித்தார்.

"உங்கள் பார்வையால் இன்று அஞ்சிய உயிர்கள்: இரண்டு."

"ரெண்டா?" என்றார். "ஒண்ணு அந்தப் பொண்ணு. இன்னொண்ணு எது?"

கவியரசு வண்டி நின்றிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சீட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு நாலாக மடித்து, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். மகனிடம் ஏதோ சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு தனக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தபடி நடந்தார்.

நீலமேகத்தைத் தாண்டும்போது, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்ணே" என்றார்.

நீலமேகம் மனதுக்குள் எண்ணினார். ஒன்பது ஆகிவிட்டது. வண்டி கிளம்பிப் போனதும் பஞ்சநாதம் காபி குடிக்கப் போனார். கமலவல்லி துறையில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அபிநயா படகிலேயே நின்று, தகரக் குவளையால் தேங்கிய தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள்.

நீலமேகம் படகில் இறங்கினார். பலகைமேல் கவியரசின் கண்ணாடி கிடந்தது, காதுப் பொத்தான்களும் பக்கத்தில். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட அதை மாட்டிப் பார்த்ததில்லை. அந்த ஜனங்களுக்கு என்னதான் தெரிந்தது என்று பார்க்கலாமே என்று மாட்டிக்கொண்டார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. தண்ணீர், மரம், குனிந்து இறைக்கும் மகள். அவளைக் காட்டுவதில் கண்ணாடிக்கு இப்போது ஒரு தடங்கலும் இல்லை. ஆட்கள்தான் போய்விட்டார்களே.

பொத்தான்களையும் செருகிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "என்னம்மா" என்றார். "அந்தத் தம்பி என்ன சொன்னாரு? உனக்கு என்ன தோணுது? இதையாவது சரின்னு சொல்லும்மா."

அபிநயா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீரும் நாலைந்து இலைகளும் இருந்தன. மிக நேர்த்தியாக வரைந்திருந்தது. குவளை பலகையில் வைக்கப்படும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வேறு யாரோ பார்க்கிறார்களோ என்று நீலமேகம் முதலில் சுற்றுமுற்றும் தேடினார். துறையில் கமலவல்லி மட்டும்தான், அவளும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். அபிநயாமேல் விழுந்தது இரண்டே கண்கள். கோயிலிலும் துணிக்கடையிலும் பல் மருத்துவமனையிலும் அந்நியர்களுக்குத்தான் அவள் பயந்தாள் என்று நினைத்திருந்தார். கொல்லைப்புறம் நினைவுக்கு வந்தது. அந்த "ம்" நினைவுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவரும் விஷயத்தை அவர் இன்றைக்குத்தான் தானே கேட்டார். கண்ணாடியோடு பலகையில் மெதுவாகத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தை மட்டும் தண்ணீர்ப் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நரிவாய்க்கா வளைவுல நீ நட்ட கன்னு எல்லாம் நல்லா வந்திருக்கு" என்றார் தண்ணீரிடம். "முந்நூறு இருக்குமா?"

கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாரை எதிர்க்கரையில் காலை மாற்றி நின்றது. நீலமேகம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டையின் கை தெரிந்தது. பிறகு வாடிப்போன மல்லிகைச் சரத்தின் நுனி. அவர் திரும்பவில்லை.

"முந்நூத்தி நாப்பத்திரண்டுப்பா" என்றாள் அபிநயா.

"ம்" என்றார்.

"அவரு அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப வராராம். தனியா. புடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. இன்னும் நாலஞ்சு தடவை பேசிப் பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

அவருக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து நிறுத்தினார். "டிக்கெட் எடுத்துட்டு யாரு வேணா வரலாம்" என்றார்.

துறையிலிருந்து கமலவல்லியின் குரல் வந்தது. "ஏங்க, என்னதான் சொல்றா உங்க பொண்ணு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் நீலமேகம். "நான் நீர்நாயைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

தண்ணீரில் நீர்நாய் எதுவும் இல்லை. பக்கத்தில், மூக்கில் ஆரம்பித்துத் தோள் குலுங்கி, அவர் மகள் சிரிப்பது மட்டும் கேட்டது.